லைன் வீட்டுக்கு ஒரு அண்ணன்

1

எனக்கு உடன்பிறந்த தங்கச்சி கிடையாது. ஒரே பையன். செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஐம்பது வயதுக்கு மேல், அதுவும் கனடாவில் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது, திருப்பூரிலிருந்து ஒரு தங்கச்சி வந்து சேர்ந்தாள். இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவள் எப்போது வேலை விட்டு வருகிறாள், அவள் பையன் யார் வீட்டுச் சுவரில் பந்தை அடித்தான், குழாயடியில் யாரோடு வாய்த்தகராறு என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. எல்லாம் போனில் வந்துவிடுகிறது.

நான் பார்ப்பது ஸ்பிளிட் ஷிப்ட். விடியற்காலையில் ஏறினால் பள்ளிக்கூடக் கூட்டம், ஆபீஸ் கூட்டம் எல்லாம் ஓய்ந்தபிறகு டிப்போவுக்கு வந்துவிடுவேன். சாயங்காலக் கூட்டத்துக்கு மறுபடி வண்டி எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போய் வந்தால் போகவும் வரவுமே சரியாகிவிடும். அதனால் டிப்போ ஓய்வறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டிக் கிடப்பேன். அந்த நேரம் திருப்பூரில் விளக்கு வைத்திருப்பார்கள். ஊர்க்காரர்கள் கூப்பிட்டுப் பேச இதைவிட வசதியான ஆள் கிடைக்கமாட்டான்.

இந்த மாதம்தான் நாங்கள் இங்கே வந்திறங்கிய மாதம். வருஷா வருஷம் மனைவி பாயசம் வைப்பாள். இந்த வருஷம் அவளுக்கு முதியோர் இல்லத்தில் இரட்டை வேலை, மகளுக்குப் பரீட்சை. பாலும் வாங்கவில்லை, சேமியாவும் வாங்கவில்லை. அந்த வாரம் பார்த்துத்தான், அவள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் குப்புசாமி அண்ணன் கூப்பிட்டார். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

2

நான் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவன். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் மெயிலுக்குப் பதில் போட்டு, ஷிப்மென்ட் கிளம்பும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவதுதான் வேலை. கனடா வந்து சேர்த்த பணத்தில் அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு கட்டினோம். கொஞ்ச வருஷத்தில் திரும்பிப் போய்விடலாம் என்று எண்ணம். மகள் இங்கேயே பிறந்தாள், பள்ளிக்கூடம் போனாள், இப்போது காலேஜ். திரும்பிப் போவதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். எப்போது விட்டோம் என்றுகூட ஞாபகமில்லை.

அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவர் மல்லிகா அக்கா. ஒரு நாள் காலையில் வேஸ்ட் துணி குடோனைத் திறந்தபோது, கம்பெனி டைலர் ஒருத்தி இரண்டு குழந்தைகளோடு கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே படுத்திருந்திருக்கிறாள். பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்து தைப்பவள்தான். வாட்ச்மேன் இரக்கப்பட்டு ஒரு வாரமாகப் படுக்க விட்டிருக்கிறார். அக்கா அன்றைக்கே எனக்குப் போன் செய்தார். "ஏனுங்க சார், உங்க ஊடு பூட்டித்தானுங்களே கெடக்குது?" என்று ஆரம்பித்தார்.

நான் யோசிக்க வேண்டும் என்றேன். என் மனைவி யோசிக்கவில்லை. "பூட்டியே வெச்சா கரையான்தான் திங்கும். குடுத்துருங்க" என்றாள். இப்படித்தான் எங்கள் வீடு அம்மாக்களும் குழந்தைகளும் தங்குகிற இடமானது. அறைக்கு ஒரு அம்மா. வீட்டைப் பார்த்துக்கொள்வது மல்லிகா அக்கா. ஆறு மாதம் போல இருக்கலாம். அதற்குள் சம்பளம் நிலைக்க வேண்டும், குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும், தனியாக ஒரு ரூம் பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும். கிளம்பினால்தான் அடுத்தவர் வர முடியும். "இது ஊடு இல்லீங்க சார், பஸ் ஸ்டாண்டு. ஒக்காந்து மூச்சு வாங்கீட்டுப் போறதுக்கு" என்பார் மல்லிகா அக்கா.

கிளம்புவதில்தான் சிக்கல். திருப்பூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. தையல் தெரிந்தவர் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மத்தியானம் மெஷினில் உட்கார்ந்துவிடலாம். வாசலுக்கு வாசல் 'ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்கும். படுக்கத்தான் இடமில்லை. கம்பெனி ஹாஸ்டல் தனியாக வருகிற பெண்களுக்கு. குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். லைன் வீட்டுக்குப் போனால், ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஒற்றை ஒற்றை ரூம், ஆளுக்கொரு கதவு, எல்லோருக்கும் ஒரே குழாய், அங்கே வீட்டுச் சொந்தக்காரர் முதலில் கேட்பது, "ஊட்டுக்காரரு எங்கீங்க?" என்பதுதான். இல்லை என்றால், "மனசுல வெச்சுக்காதீங்க, நேத்துத்தான் ஒருத்தருக்குப் பேசி உட்டுட்டனுங்க" என்று சொல்வார்கள். நம் ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதையும் மரியாதையாகத்தான் செய்வார்கள்.

3

இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம் என்று கேட்பீர்கள். என் வழித்தடத்தில் ஒரு பழைய மோட்டல் வாசலில் ஒரு நிறுத்தம். வீடு இழந்த அம்மாக்களை நகர நிர்வாகம் அங்கேதான் தங்கவைக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் குழந்தைகள் தூக்கக் கலக்கத்தோடு ஏறும். பழைய பள்ளிக்கூடம் ஊரின் அந்தக் கோடியில், மோட்டல் இந்தக் கோடியில். ஒரு அம்மா எப்போதும் எனக்குப் பின்னால் உள்ள இருக்கையில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிவிடுவாள். ஒரு நாள், "நாளையிலிருந்து வரமாட்டோம், வேறு மோட்டலுக்கு மாற்றுகிறார்கள்" என்றாள். "ஏன்?" என்றேன். "கேட்டேன். அதற்கு வேறு ஒரு ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள்" என்றாள். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இங்கே யாரும் புருஷன் எங்கே என்று கேட்பதில்லை, அந்த மட்டும் விசேஷம். பேப்பர் எங்கே என்று கேட்பார்கள், அது இருந்தால் அதற்கு முந்தின பேப்பர் எங்கே என்று கேட்பார்கள்.

4

அப்படிப் பின்னால் வந்தவர்களில் ஒருத்தி செல்வராணி. எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு மாதம் முடிந்திருந்தது. ஆண்டிபட்டிப் பக்கத்துக்காரி. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் டைலர். மகள் ஆறாவது, மகன் இரண்டாவது. மகனுக்கு இடது கை முழுதாக மடங்காது. அப்பன் குடித்துவிட்டு முறுக்கியது. அதன் பிறகுதான் அவள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினாள். அதற்கு முன்னால் இரண்டு முறை கிளம்பிப் போயிருக்கிறாள். இரண்டு முறையும் அவன் தேடி வந்து வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறான், கூட இருந்தவர்கள் மனமிரங்கி அவளை அவனோடு அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

மல்லிகா அக்காவும் அவளும் ஏறி இறங்காத லைன் வீடு இல்லை. கைக்குழந்தையோடு அடுத்த பெண் வேறு காத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சமயத்தில்தான் குப்புசாமி அண்ணனின் லைனில் ஒரு ரூம் காலியானது. சோமனூரில் தறி ஓட்டியவர். தறியை எடைக்குப் போட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்து லைன் வீடு கட்டினார். தன்மையான மனிதர். ஆனால் அவரும், "ஆம்பளை ஒருத்தரு வந்து பேசுனாத் தேவலைங்க" என்றுவிட்டார்.

அக்கா எனக்குப் போன் செய்தார். "சார், நீங்க அண்ணனா இருந்துருங்க. வெளிநாட்டுல இருக்கறாரு, வர முடியாது, போன்ல பேசுவாருன்னு சொல்லிப் போட்டனுங்க."

"அக்கா, இதென்னங்க நாடகம்?"

"நாடகம்னா நாடகம். தாய்மாமன் ஒருத்தர் இருக்கறாருன்னாத்தான் கதவு தொறக்குது. நான் என்னங்க பண்றது?"

ஓய்வறையில் உட்கார்ந்து பாடம் செய்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், ஊர், எத்தனை ஏக்கர் மானாவாரி. வீடியோவில் குப்புசாமி அண்ணன் முகம் வந்தது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அவருக்குப் பின்னால் கதவோரமாக ஒரு சேலை முந்தானை மட்டும் தெரிந்தது. அதுதான் என் தங்கச்சி என்று ஊகித்துக்கொண்டேன்.

"உங்கூரு எந்தப் பக்கமுங்க?"

"ஆண்டிபட்டிப் பக்கமுங்கண்ணா."

அவர் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து என்னையே பார்த்தார். "காடு தோட்டமெல்லாம் இருக்குதுங்களா?" என்றார். "வானம் பார்த்த பூமிதானுங்க" என்றேன். "தங்கச்சிக்கு நாங்க இருக்கறமுங்க. என்ன ஏதுன்னாலும் எனக்கு ஒரு போன் போடுங்க" என்று கடைசியாக ஒரு வசனத்தையும் எடுத்து விட்டேன்.

"செரிங்க தம்பி. நாளைக்கே பால் காய்ச்சச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஓய்வறைக் காப்பி எந்திரத்துக்குக் காசு போட்டு, எப்போதும் வாங்காத பெரிய கோப்பையாக வாங்கிக் குடித்தேன்.

5

என்ன ஏதென்றாலும் போன் போடுங்கள் என்று வாய் வார்த்தைக்குச் சொல்வோம் அல்லவா? குப்புசாமி அண்ணன் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

"தம்பி, தங்கச்சி இந்த வாரம் பூரா ஒன்றரை ஷிப்ட்டுங்க. பொழுது உழுந்து ரொம்ப நேரங் கழிச்சுத்தான் வருது. புள்ளைக பள்ளிக்கூடம் உட்டு மல்லிகாம்மாகிட்டப் போயிருதுக, அது செரி. இருந்தாலும் சொல்லி வெக்கலாம்னுங்க."

"தம்பி, பையன் கேட் மேல ஏறுறானுங்க."

"தம்பி, நேத்து ஒரு பையன் தங்கச்சியை வண்டீல கொண்டாந்து எறக்கி உட்டானுங்க. கம்பெனி சூப்பர்வைசராமா. நான் ஒண்ணும் நெனைக்கலீங்க, நாலு பேரு பாக்கறாங்கள்ல."

ஒவ்வொன்றுக்கும் நான் அண்ணனாக நின்று பதில் சொல்ல வேண்டும். ஷிப்மென்ட் நேரமுங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க. பையனைக் கண்டிக்கறேனுங்க. பஸ் போயிருக்குமுங்க, அதனால கொண்டுவந்து விட்டிருப்பாருங்க. சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டது. நம் ஊரில் பெண்பிள்ளைக்கு ஒரு ஆண் காவல் என்பதை உடம்பு நோகாமல் கடல் தாண்டியிருந்தே செய்துகொண்டிருந்தேன். வேண்டாம் என்று தூக்கிப் போடவும் வழியில்லை. நான் போனை எடுக்காவிட்டால் அந்த ரூமில் அவளுக்கு ஆளில்லை என்றாகிவிடும்.

ஒரு விடுமுறை நாளில் வீட்டில் இருந்து இப்படிப் பேசியதை என் மகள் கேட்டுவிட்டாள். "அப்பா, நீ எதுக்கு பெர்மிஷன் குடுக்கற? அவங்க அடல்ட்தானே? அவங்க வேலைக்குப் போறாங்க, அவங்களே வாடகை குடுக்கறாங்க" என்றாள். எங்கள் பக்கத்தில் அப்பாவை நீ, வா, போ என்று சொல்லும் வழக்கமில்லை. இங்கே பிறந்த பிள்ளை, ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே சொல்தான் என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

"ஊர் அப்படிம்மா" என்றேன்.

"நீயும் அந்த ஊர்தானே? நீ மாத்தேன்" என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. என்ன செய்யச் சொல்கிறாள் இந்தப் பெண்? நான் நியாயம் பேசி முடிக்கிற வரைக்கும் செல்வராணி எங்கே படுப்பாள்?

6

போன வாரம் புதன்கிழமை. ஓய்வறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

"தம்பி, நாந்தானுங்க. பேசற மாதிரி இருக்கறீங்களா?"

"சொல்லுங்கண்ணா."

"இங்க ஒரு ஆளு வந்து ஒக்காந்திருக்காருங்க. உங்க மச்சானாமுங்க."

கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"வாழைப்பழம், மிச்சரெல்லாம் வாங்கீட்டு வந்திருக்காரு. அழுகறாருங்க. குடிய உட்டுட்டாராமா. தங்கச்சி வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் ரூமுக்குள்ள இருக்கறன், சாவி குடுங்கங்கறாரு. எங்கிட்டத்தான் இன்னொரு சாவி இருக்குதில்லீங்க." குரலைத் தணித்தார். "இன்னொண்ணுங்க. அவளுக்கு ஏது அண்ணன், ஒத்தைப் புள்ளையாச்சேங்கறாரு. கல்யாணப் போட்டோவெல்லாம் செல்லுல காட்டறாரு. இப்ப நான் என்னங்க பண்றது? நீங்களே சொல்லுங்க."

 செல்வராணி மெஷினில் இருப்பாள். புரொடக்‌ஷனுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அவனிடம் சாவி போய்விட்டால், ஒரு தடவை ரூமுக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டால், அப்புறம் அது புருஷன் பெண்டாட்டி விவகாரம். லைனில் ஒருத்தர் குறுக்கே வரமாட்டார்கள். அவளும் பிள்ளைகளும் மறுபடி அந்த ஆளோடு ஒரே ரூமில். பொய் சொன்ன அண்ணன் என்று தெரிந்து குப்புசாமி அண்ணனுக்குக் கோபம் வந்தாலும் ரூம் போச்சு. எங்கள் வீட்டில் அவள் இருந்த அறைக்கு அந்தக் கைக்குழந்தைக்காரி வந்தாயிற்று. எப்படிப் பார்த்தாலும் செல்வராணிதான் தெருவில் நிற்பாள்.

போட்டோ வரைக்கும் வந்தபிறகு எனக்கு இன்னொரு பொய் தோன்றவில்லை. அவர் நல்ல மனிதர், உள்ளதைச் சொல்லிக் காலில் விழுந்துவிடலாம் என்று நினைத்தேன்.

"அண்ணா, மன்னிச்சுக்குங்க. நான் செல்வராணிக்கு அண்ணன் இல்லீங்க. ஆனா அந்த ஆளுகிட்ட மட்டும் சாவியைக் குடுத்துராதீங்க."

 "இருங்க, அக்கட்டால தள்ளி வர்றன்" என்றார். செருப்புச் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு நாய் குரைத்தது.

"ஏனுங்க தம்பி, அது மொத நாளே தெரியுமுங்களே. தங்கச்சி பேச்சு ஒரு சீமை, உங்க பேச்சு ஒரு சீமை. நீங்க பேசறது எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரரு பேசற மாதிரியே இருக்குது. ஆண்டிபட்டியாமா!"

"அப்பறம் எப்படிண்ணா ரூம் குடுத்தீங்க?"

"நாலு பேரு கேட்டாச் சொல்றதுக்கு எனக்கு ஒரு பேரு வேணுமில்லீங்க. அண்ணன் வெளிநாட்டுல இருக்கறாரு, தெனமும் பேசறாருன்னு சொல்லித்தான் இந்த லைன்ல எல்லாத்து வாயையும் மூடி வெச்சிருக்கறன். உங்குளுக்கு அத்தனை தடவை எதுக்குப் போன் போட்டன்னு நெனச்சீங்க? நாலு பேரு காதுல உழுகோணும்னுதான் வாசல்ல நின்னு பேசுவன்." எரிச்சலோடு மூச்சு விட்டார். "இத்தனை நாள் அண்ணனா இருந்துபோட்டு, இருக்கவேண்டிய அன்னைக்குப் பார்த்து இல்லைங்கறீங்களே. இப்பத்தானுங்க நீங்க அண்ணனா இருக்கோணும். நான் ஸ்பீக்கர்ல போடறன். நல்லாச் சத்தமாப் பேசுங்க."

யோசிக்க நேரமில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"யோவ், யாருய்யா அது? என்ர தங்கச்சி வாசல்ல உனக்கு என்னய்யா வேலை? புள்ள கைய முறுக்குனது பத்தலையா? இன்னொருக்கா அந்தக் காம்பவுண்டுக்குள்ள காலெடுத்து வெச்சீன்னா, அடுத்த பிளைட்டப் புடிச்சு வந்து..." இதற்கு மேல் சொன்னதைப் பத்திரிகையில் போட முடியாது. மெர்ச்சண்டைசராக இருந்த காலத்தில் சாயப்பட்டறை வாசலில் நின்று கற்றுக்கொண்டது, இத்தனை வருஷம் கழித்து வரிசையாக வந்து விழுந்தது. அடுத்த பிளைட்டைப் பிடிக்க எனக்கு லீவு கிடையாது என்பது வேறு விஷயம்.

"இல்ல மச்சான்... சும்மா பிள்ளைகளப் பாத்துட்டுப் போலாம்னுதேன்..." என்றான் அவன். அண்ணனே கிடையாது என்று போட்டோ காட்டியவன், சத்தம் கேட்டதும் என்னை மச்சான் என்கிறான்!

"போடா வெளிய!" என்றேன்.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. "போய்ட்டானுங்க" என்றார் குப்புசாமி அண்ணன். "மிச்சரைக்கூட மறந்துட்டுப் போய்ட்டான். நான் மெயின் ரோடு வரைக்கும் பின்னாலயே போயி பஸ் ஏத்திட்டு வந்தர்றன்."

ஓய்வறையில் அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து மேசை பஞ்சாபிக்காரர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, "சிஸ்டர்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்றைக்கு முழுவதும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சாயங்கால வண்டியில் ஏறினவர்களுக்கெல்லாம் சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னேன். வீட்டில் மனைவியிடம் நின்று நடித்தே காட்டினேன்.

7

ஞாயிற்றுக்கிழமை செல்வராணி கூப்பிட்டாள். எப்போதும் மல்லிகா அக்காவின் போனிலிருந்துதான் இரண்டு வார்த்தை பேசுவாள். இந்த முறை அவளே கூப்பிட்டாள். துணி துவைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"வீட்டு ஓனர் எல்லாம் சொன்னாருண்ணே. கேட்டுக்குப் புதுப் பூட்டும் போட்ருக்காரு. ரொம்ப நன்றிண்ணே."

"அதெல்லாம் எதுக்கும்மா? பிள்ளைங்க பயந்துட்டாங்களா?"

"அதுகளுக்குச் சொல்லலண்ணே."

நான் ஏதோ பாராட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன். அவள் குழாயை மூடினாள்.

"ஒண்ணு சொல்லட்டாண்ணே? தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"நீங்க ஒரு தடவை போடான்னு சொன்னீங்க, போய்ட்டான். அதுவும் போன்ல. மூஞ்சிகூடத் தெரியாத ஆளு. நான் நேருக்கு நேரா நின்னு, பிள்ளைகளப் பின்னாடி மறச்சுக்கிட்டு, எத்தன வருசமாச் சொன்னேன். கத்திச் சொல்லிருக்கேன், கால்ல விழுந்து சொல்லிருக்கேன். ஒரு நாக்கூடப் போகலையேண்ணே."

அவள் அழவில்லை. குறை சொல்கிற குரலும் இல்லை. பகல் முழுக்க வேலை பார்த்தவள் கால் வலிக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.  புதன்கிழமையிலிருந்து சுமந்து திரிந்த பெருமையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"இனிமேத்தேண்ணே" என்றாள்.